இரண்டாவது பிரேக்

என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது.
பயிற்சி வண்டிக்கு மட்டும் வைப்பது.
ஸ்டியரிங், கியர், கண்ணாடி எல்லாம்
அடுத்தவர் பொறுப்பில் போய்விட்ட பிறகு
எனக்கென்று மிஞ்சுவது அந்த ஒரு இரும்புத் துண்டு.

பதினோரு வருஷமாக ஒரே வாக்கியம்:
"கிளட்சைப் பாதி விடுங்க, வண்டி நடுங்கும்,
அப்போ ஆக்சிலேட்டர்."
அஸ்தம்பட்டியில் காலை ஆறு மணிக்கும் அதுதான்,
கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில்
வெயில் கொதிக்கும்போதும் அதுதான்.
கிளிப்பிள்ளை நான். அவர்கள் அல்ல.

தில்ஷாத் பேகத்துக்கு நாற்பது முறை சொன்னேன்.
நாற்பது முறையும் வண்டி செத்தது.
பின்னால் நின்ற டவுன் பஸ்
ஹாரனாலேயே எங்கள் பரம்பரையைத் திட்டியது.
அவள் செருப்பைக் கழற்றி
சீட்டுக்கடியில் தள்ளினாள்.
"தையல் மிஷின்தானே இது,
ஜாக்கெட் கழுத்து வளைக்கும்போது
காலை எடுக்கவும் கூடாது, அமுக்கவும் கூடாது."
என்னிடம் சொல்லவில்லை, தன் பாதத்திடம் சொன்னாள்.
வண்டி நகர்ந்தது,
தூங்கி எழுந்த பூனை மாதிரி.
அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை.
ஃபீஸ் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மாதையன் உருக்காலையில் கணக்கு பார்ப்பவர்.
ஏற்காட்டு மலையின்
இருபது கொண்டை ஊசி வளைவையும்
கட்டம் போட்ட நோட்டில் வரைந்து வந்தார்.
எங்கே எந்த கியர் என்று சிவப்பு மையில்.
படத்தில் ஒருமுறைகூட அவர் இடிக்கவில்லை.
சிரித்துவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.
ஏழாவது வளைவில் மூடுபனி இறங்கி
சாலை காணாமல் போனது.
கண்ணை நம்பியே ஏறிப் பழகியவள் நான்.
எட்டாவதுக்கு இன்னும் எத்தனை தூரம் என்று
வண்டிக்குள் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

குணாளனைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க்கணக்கு.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைப் பையன்.
அவன் அண்ணன் திட்டத் திட்டத் தேறியவன்.
அதே படியில் இவனுக்கும் அளந்து போட்டேன்.
மூன்றாம் நாளோடு நின்றுவிட்டான்.
இப்போதும் லீ பஜாரில்
சைக்கிளில் எதிர்ப்படுகிறான்.
வணக்கம் வைக்கிறான்.
மிச்ச நாட்களின் பணத்தை
இன்றுவரை கேட்கவில்லை.
நானும் கொடுக்கவில்லை.

இந்த மாதம் இன்னாசி.
செம்மடுவிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறான்.
காது கேட்காது.
என் பதினோரு வருஷ வாக்கியம்
ஒரே நிமிஷத்தில் செல்லாக்காசு.
'எஞ்சின் முனகினால் கியரை மாற்று'
இதை விரலால் எப்படிச் சொல்வது?
காற்றில் நான் எதையோ வரைந்து அழித்துக்கொண்டிருக்க
அவன் கியர்க் குமிழின்மேல் உள்ளங்கையை வைத்தான்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
சரியாக மாற்றினான்.
முனகல் அங்கேயும் இருந்திருக்கிறது,
இத்தனை காலம்
என் வலது முழங்காலை ஒட்டியே.

நேற்று மலையிலிருந்து இறங்கினோம்.
வளைவுக்கு வளைவு என் காது
எதிர்வண்டியின் ஹாரனுக்குக் காத்திருந்தது.
அந்த வளைவில் ஒன்றும் கேட்கவில்லை.
போகலாம் என்று கை காட்டினேன்.
அவன் போகவில்லை.
இடது ஓரம் ஒதுங்கி நிறுத்தினான்.
என்ன என்று திரும்பினால்
கீழ்ச்சாலையின் தடுப்புச்சுவரைக் காட்டுகிறான்.
உட்கார்ந்திருந்த குரங்குகள்
ஒவ்வொன்றாகக் குதித்து மரமேறிக்கொண்டிருந்தன.

கேஸ் சிலிண்டர் லாரி
சாலை முழுவதையும் தனதாக்கிக்கொண்டு திரும்பியது.
ஹாரன் அதற்குப் பிறகுதான் கேட்டது.

அடிவாரம் வரும்வரை
ஒரு கெண்டைக்கால் நடுங்கிக்கொண்டே வந்தது.
அவனுடையது அல்ல.